காலி செல்லில் ஜீரோ போடாதீர்கள்!

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் எல்லோரும் ஒரு முறையாவது எக்ஸெல்லைத் திறந்து பார்க்கிறோம். திரை முழுக்கக் கட்டம் கட்டமாக இருக்கிறது. பால் கணக்கு, மளிகைக் கணக்கு என்று நாலு நாள் டைப் செய்கிறோம். ஐந்தாம் நாள் மூடிவிடுகிறோம். அந்தக் கட்டங்களை வைத்து ஒரு குடும்பத்தின் பணம் சம்பந்தப்பட்ட முடிவையே எடுக்க முடியும் என்று எனக்குக் காட்டியது என் அக்கா வீட்டுக்காரரின் கோழிப் பண்ணை.

நாமக்கல் பக்கத்தில் முட்டைக் கோழி வளர்க்கிறார் மாமா. கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. வாயைத் திறந்து மூச்சிரைத்துத்தான் உடம்புச் சூட்டை வெளியேற்ற வேண்டும். கத்திரி வெயில் உச்சத்தில் இருக்கும்போது அதுவும் போதாமல் செத்து விழும். இதற்காகவே மாமா ஷெட்டுக்கு வெளியே வேப்பமர நிழலில் ஒரு தெர்மாமீட்டர் மாட்டி, தினமும் அதிகபட்ச வெப்பநிலையை ஒரு நோட்டில் எழுதி வருகிறார். ஆறு கோடை எழுதியிருக்கிறார்.

போன முறை ஊருக்குப் போனபோது நோட்டை என் கையில் கொடுத்தார். "மாப்பிள்ளை, ஷெட்டுக்குள்ள பனி மாதிரி தண்ணி தெளிக்கிற ஃபாகர் போடலாமான்னு பார்க்கறேனுங்க. செலவு பெருசு. 40 டிகிரிக்கு மேல வருஷத்துக்குப் பத்து நாள்கூட போகலீன்னா கைப்பம்பே போதும். இத உங்க கம்ப்யூட்டர்ல ஏத்திப் பார்த்துச் சொல்லுங்க" என்றார்.

எண்ணிச் சொல்வது என்ன பெரிய வேலை என்று நினைத்தேன். நோட்டைப் பிரித்த பிறகுதான் தெரிந்தது. நிறைய நாட்கள் காலி. அதிகமாகக் கோழி செத்த கோடையை எடுத்துக்கொண்டேன். ஏப்ரல், மே இரண்டு மாதமும் சேர்த்து 61 நாட்கள். அதில் 14 நாட்களுக்கு எதுவும் எழுதவில்லை. இந்த 14 கட்டங்களை நான் எப்படி நிரப்பினேன், முதலில் எப்படித் தப்பாக நிரப்பினேன் என்பதுதான் இந்தக் கட்டுரை. உங்களிடம் இருப்பது வெயில் கணக்காக இல்லாவிட்டாலும், கரண்ட் மீட்டர் கணக்கு, சர்க்கரை அளவு, கிணற்று நீர்மட்டம் என்று எதிலும் இந்தப் பிரச்னை வரும்.

ஒரு சின்னக் குறிப்பு. ஃபார்முலாக்களின் பெயரை இங்கே தமிழ் எழுத்தில் தருகிறேன். நீங்கள் ஃபார்முலா பாரின் இடப்பக்கம் உள்ள எஃப்எக்ஸ் பட்டனை கிளிக் செய்தால் வரும் பட்டியலில் அவை ஆங்கிலத்தில் இருக்கும். தேர்ந்தெடுத்தால் போதும், டைப் செய்யத் தேவையில்லை. எக்ஸெல் இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் புரோகிராமை டவுன்லோட் செய்து கொள்ளலாம். இங்கே சொல்லும் ஃபார்முலாக்கள் எல்லாம் அதிலும் வேலை செய்யும்.

முதலில் தேதி

நோட்டில் உள்ளதை அப்படியே வரிசையாக டைப் செய்யாதீர்கள். அப்படிச் செய்தால் எழுதாத நாட்கள் கண்ணுக்குத் தெரியாமலே போய்விடும். மே 5க்கு அடுத்த வரியில் மே 15 வந்து உட்கார்ந்து கொள்ளும். ஏ என்ற நெட்டு வரிசையில் முதலில் எல்லாத் தேதிகளையும் போட்டுவிட வேண்டும். ஏ2 செல்லில் ஏப்ரல் 1ஆம் தேதியை டைப் செய்து, அந்தச் செல்லின் வலது கீழ் மூலையில் உள்ள சின்னச் சதுரத்தை மவுஸால் பிடித்துக் கீழே இழுங்கள். 62வது வரியில் மே 31 வந்து நிற்கும்.

இங்கேயே ஒரு குழி இருக்கிறது. சில கம்ப்யூட்டர்களில் விண்டோஸின் ரீஜியன் அமைப்பு அமெரிக்க முறையில் இருக்கும். நீங்கள் ஏப்ரல் 1 என்று நினைத்து 1, சாய்கோடு, 4 என அடித்தால் அது ஜனவரி 4 என்று எடுத்துக் கொள்ளும். மாதப் பெயரோடு ஒரு முறை டைப் செய்து பார்த்துவிடுவது நல்லது. தேதி செல்லின் இடப்பக்கம் ஒட்டி நின்றால் அது தேதியே அல்ல, வெறும் எழுத்து என்று எக்ஸெல் நினைக்கிறது. வலப்பக்கம் நின்றால் சரி.

பி வரிசையில் மாமா எழுதிய வெப்பநிலை. எழுதாத நாளுக்கு எதுவும் டைப் செய்யக் கூடாது. கோடு வேண்டாம், ஜீரோவும் வேண்டாம்.

ஏன் ஜீரோ கூடாது? ஐந்து நாட்களை எடுத்துக் கொள்வோம். 38, 39, காலி, 40, 41. இதற்கு ஆவரேஜ் ஃபார்முலா போட்டால் 39.5 என்று வரும். காலி செல்லை எக்ஸெல் கணக்கில் சேர்ப்பதில்லை. நாலு நாளைக் கூட்டி நாலால் வகுக்கிறது. காலி இடத்தில் 0 போட்டுப் பாருங்கள். சராசரி 31.6 ஆகிவிடும். கத்திரி வெயில் ஒரே நொடியில் மார்கழி ஆகிவிட்டது!

இணையத்திலிருந்து வானிலைப் புள்ளிவிவரம் டவுன்லோட் செய்பவர்களுக்கு இன்னொரு வேடிக்கை காத்திருக்கிறது. அமெரிக்காவின் நோவா என்ற அரசு அமைப்பு உலகம் முழுவதும் உள்ள நிலையங்களின் தினசரிப் பதிவுகளைத் தொகுத்து ஜிஹெச்சிஎன் டெய்லி என்ற பெயரில் இலவசமாகத் தருகிறது. இந்திய நிலையங்களும் உண்டு, ஆனால் இடைவெளிகள் நிறைய. அதன் மூல ஃபைல்களில் விட்டுப்போன நாளுக்கு மைனஸ் 9999 என்று எழுதியிருப்பார்கள். தெரியாமல் சராசரி போட்டால், மேலே சொன்ன ஐந்து நாளுக்கு மைனஸ் 1968.2 டிகிரி வரும். கன்ட்ரோல் கீயுடன் ஹெச் அழுத்தி ஃபைண்ட் அண்ட் ரீப்ளேஸ் கட்டத்தை வரவழையுங்கள். மேல் பெட்டியில் மைனஸ் 9999, கீழ்ப் பெட்டியில் ஒன்றும் இல்லை. ரீப்ளேஸ் ஆல் கிளிக் செய்தால் எல்லாம் காலியாகிவிடும். அதே ஃபைல்களில் 394 என்றிருந்தால் 39.4 என்று பொருள். பத்தில் ஒரு பங்கு டிகிரியில் எழுதுவது அவர்கள் வழக்கம். பத்தால் வகுத்துக் கொள்ளுங்கள்.

டைப் செய்து முடித்ததும் மூன்று ஃபார்முலாக்கள் போட்டேன். பி2 முதல் பி62 வரை கவுண்ட்: 47. கவுண்ட்பிளாங்க்: 14. கூட்டினால் 61, சரி. கூட்டல் சரியாக வராவிட்டால் எங்கோ எண்ணுக்குப் பதில் எழுத்து விழுந்திருக்கிறது. ஜீரோவுக்குப் பதில் ஆங்கில ஓ, இரண்டு புள்ளி, இப்படி ஏதாவது. மூன்றாவது கவுண்ட்இஃப். 40ம் அதற்கு மேலும் எத்தனை என்று கேட்டேன். 9 என்றது.

பத்துக்குக் குறைவு. மாமாவின் கணக்குப்படி ஃபாகர் வேண்டாம்.

நான் செய்த தப்பு

சும்மா விட மனசில்லை. 14 நாள் காலியாக இருக்கிறதே, அதையும் நிரப்பிவிட்டுச் சொல்வோம் என்று நினைத்தேன். 47 நாட்களின் சராசரி 38.3 டிகிரி. அந்த எண்ணை 14 காலி செல்லிலும் பேஸ்ட் செய்தேன். அட்டவணை முழுதாக, அழகாக இருந்தது. மறுபடி கவுண்ட்இஃப். அதே 9. ரொம்பத் திருப்தியாக மாமாவுக்கு போன் செய்து 9 நாள்தான் என்று சொல்லியும் விட்டேன்.

அன்று ராத்திரி அக்கா போனில் வந்தாள். "அந்த மே மாசம்தானே குஞ்சும் கோழியுமா வாரி வாரிக் குழியில போட்டோம். ஒரு வாரத்துக்கு மேல யாரும் தூங்கலை. பகல் பூரா ஷெட்டு மேல தண்ணி அடிச்சிட்டே இருந்தோம். 9 நாள்தானா?" என்று கேட்டாள்.

நோட்டை மீண்டும் எடுத்தேன். மே 6 முதல் 14 வரை, தொடர்ந்து ஒன்பது நாள் காலி. ஏன் எழுதவில்லை? வெயில் கொளுத்தியதால்தான் எழுதவில்லை! எல்லோரும் தண்ணீர் அடிக்க ஓடிக்கொண்டிருந்தபோது நோட்டை யார் தேடுவார்கள்? அதாவது, காலியாக இருப்பது ஏதோ ஒன்பது நாள் அல்ல. அந்தக் கோடையிலேயே மோசமான ஒன்பது நாள். அவற்றின் இடத்தில்தான் 38.3 என்று சாதாரண நாளின் எண்ணை நான் போட்டு வைத்திருந்தேன்.

இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. சராசரி 38.3 எப்போதும் 40க்குக் கீழே. அதை எத்தனை காலி செல்லில் போட்டாலும் 40ஐத் தாண்டிய நாள் ஒன்றுகூடக் கூடாது. சராசரியை வைத்து நிரப்பிவிட்டு உச்ச வெயிலை எண்ணுவதில் அர்த்தமே இல்லை. இது எனக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். கம்ப்யூட்டர் போட்டதைத் திருப்பிச் சொல்லியது, அதன் மேல் தப்பில்லை.

பக்கத்து ஊரைக் கேளுங்கள்

வானிலைத் துறையினர் இந்த இடத்தில் என்ன செய்வார்கள்? பக்கத்து நிலையத்தைப் பார்ப்பார்கள். நம் ஊரில் தெர்மாமீட்டர் பார்க்காத அன்றும் பக்கத்து ஊரில் யாராவது பார்த்திருப்பார்கள். ஐம்பது கிலோமீட்டருக்குள் வெயில் பெரும்பாலும் சேர்ந்தே ஏறி, சேர்ந்தே இறங்கும். அளவு வேறாக இருக்கலாம். ஏற்ற இறக்கம் ஒன்றாக இருக்கும்.

எங்களுக்குப் பக்கத்தில் கரூர் பரமத்தி இருக்கிறது. கோடையில் செய்தி பார்ப்பவர்களுக்கு இந்தப் பெயர் பழக்கம். தமிழகத்தில் அதிக வெயில் பதிவான ஊர்ப் பட்டியலில் அடிக்கடி மேலே வந்து நிற்கும். நாமக்கல் மாவட்டத்தில் உள்ள பரமத்தி வேலூர் வேறு, இது கரூர் மாவட்டத்து க.பரமத்தி. சென்னை மண்டல வானிலை ஆய்வு மையத்தின் தினசரி அறிக்கையில் இந்த ஊரின் வெப்பநிலை வரும், நாளிதழ்களிலும் மறுநாள் வரும். நூலகத்தில் உட்கார்ந்து அந்த இரண்டு மாத நாளிதழ்களைப் புரட்டி 61 நாளுக்கும் எழுதிக்கொண்டு வந்தேன். ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை போயிற்று. பேப்பரில் வருவது முதல் நாள் வெப்பநிலை என்பதை மறந்துவிடாதீர்கள். தேதியை ஒரு நாள் முன்னால் தள்ளி எழுத வேண்டும்.

பேப்பரில் பல இடத்தில் ஃபாரன்ஹீட்டில் போட்டிருந்தார்கள். நமக்கு 'சதமடித்த வெயில்' என்று எழுதினால்தானே சூடு தெரிகிறது! மாற்றுவது எளிது. 32ஐக் கழித்து, 5ஆல் பெருக்கி, 9ஆல் வகுக்க வேண்டும். 105.8 ஃபாரன்ஹீட் என்றால் 41 செல்சியஸ். ஒரு செல்லில் ஃபார்முலாவைப் போட்டு மூலையைப் பிடித்து இழுத்தால் எல்லாம் மாறிவிடும்.

இதை சி வரிசையில் போட்டேன். டி வரிசையில் வித்தியாசம். டி2 செல்லில் சமக்குறி போட்டு, சி2 மைனஸ் பி2 என்று டைப் செய்து என்டர் தட்டவும். பிறகு கீழே இழுக்கவும். கவனம்! பி செல் காலியாக இருக்கும் வரியில் எக்ஸெல் அதை ஜீரோ என்று எடுத்துக் கொண்டு வித்தியாசம் 41.8 என்பது போல் காட்டும். ஆவரேஜ் போடும்போது காலியைச் சேர்க்காத அதே எக்ஸெல், கழிக்கும்போது காலியை ஜீரோ என்கிறது. அந்த 14 வரிகளிலும் டி செல்லை அழித்துவிடுங்கள். இதற்கு இஃப் ஃபார்முலா போடலாம்தான். 14 செல்லுக்கு டெலீட் கீயே வேகம்.

டி வரிசையில் மே மாதத்துக்கு உரிய 32 முதல் 62 வரையுள்ள வரிகளுக்கு மட்டும் ஆவரேஜ் எடுத்தேன். பதிவான 22 நாளின் சராசரி வித்தியாசம் 0.9. அதாவது மே மாதத்தில் மாமாவின் வேப்பமரம் கரூர் பரமத்தியை விட சராசரியாக 0.9 டிகிரி குறைவு. ஏப்ரலுக்குத் தனியாக எடுத்தால் 0.6. ஏன் மாதத்துக்கு ஒன்று என்று கேட்கலாம். இரண்டு ஊருக்கும் இடையே உள்ள வித்தியாசம் வருஷம் பூராவும் ஒன்றாக இருக்காது. சென்னையையே பாருங்கள். நுங்கம்பாக்கத்திலும் மீனம்பாக்கத்திலும் வானிலை நிலையங்கள் உள்ளன. ஒரே ஊர்தான். ஆனால் கோடைப் பகலில் கடற்காற்று கரையோரத்துக்கு முன்னதாகவும் உள்ளே தள்ளியிருக்கும் மீனம்பாக்கத்துக்குத் தாமதமாகவும் போய்ச் சேரும். அதனால் மீனம்பாக்கம் பெரும்பாலும் கூடுதலாகக் கொதிக்கும். குளிர்கால இரவில் அதே மீனம்பாக்கம் நுங்கம்பாக்கத்தை விடக் குளிரும். ஆண்டுக்கு ஒரே வித்தியாசம் என்று வைத்தால் இரண்டு பருவத்திலும் தப்பாகும். குறைந்தபட்ச வெப்பநிலைக்கும் இதே காரணத்தால் தனிக் கணக்கு போட வேண்டும்.

இனி நிரப்புவது. பி வரிசையைத் தொடவே கூடாது. அது மாமா எழுதியது. அதைக் காப்பி செய்து ஈ வரிசையில் பேஸ்ட் செய்யுங்கள். மே மாத வித்தியாசமான 0.9ஐ ஹெச்2 செல்லில் வையுங்கள். மே 6 வருவது 37வது வரி. ஈ37ல் சமக்குறி, சி37, மைனஸ், ஹெச்2. ஹெச்2ஐ டைப் செய்தவுடன் எஃப்4 கீயை ஒரு தட்டு தட்டினால் எழுத்துக்கும் எண்ணுக்கும் முன்னால் டாலர் குறி வந்து உட்காரும். கீழே இழுத்தாலும் ஹெச்2 மாறாது. கரூர் பரமத்தியில் 41.8 என்றால் நமக்கு 40.9 என்று நிரம்பும்.

மூன்று நாள் கல்யாணம்

ஏப்ரலில் ஐந்து நாள் காலி. அதில் மூன்று நாள் குடும்பத்தோடு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். திரும்பி வந்த அன்று 39.6 என்று எழுதியிருந்தார் மாமா. நல்ல வேளையாக தெர்மாமீட்டர் எப்படி வேலை செய்கிறது என்று அவரிடமே கேட்டேன்.

அது யு வடிவத் தெர்மாமீட்டர். வெயில் ஏறும்போது உள்ளே உள்ள ஒரு சின்ன ஊசியை மேலே தள்ளிவிட்டு, வெயில் இறங்கினாலும் ஊசியை அங்கேயே விட்டுவிடும். தினமும் பார்த்த பிறகு காந்தத்தால் ஊசியைக் கீழே இழுத்து வைக்க வேண்டும். இழுக்காவிட்டால்? கடைசியாக இழுத்த நாளிலிருந்து இன்று வரை எது உச்சமோ அதைத்தான் காட்டும். ஆக அந்த 39.6 திரும்பி வந்த நாளுடையது அல்ல. நான்கு நாட்களில் ஏதோ ஒரு நாளுடையது. அந்தத் தேதிக்கு நேராக அப்படியே வைத்தால் தப்பு.

ஆனால் அதே எண் ஒரு சாட்சியும் ஆகிறது. கல்யாண நாட்கள் மூன்றிலும் வெயில் 39.6ஐத் தாண்டவில்லை என்பது நிச்சயம். பக்கத்து ஊரை வைத்து நான் நிரப்பிய மூன்று எண்களும் அதற்குள்தான் இருந்தன. எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது.

மிச்சம் இரண்டும் ஒற்றை நாட்கள். ஒரே ஒரு நாள் விட்டுப்போனால் முன்தினத்தையும் மறுநாளையும் கூட்டி இரண்டால் வகுத்துப் போடலாம். 38.6, காலி, 39.4 என்றால் 39. ஒன்றுக்கு அப்படித்தான் செய்தேன். இன்னொன்றுக்குச் செய்யப் போனபோது அன்றைய பேப்பரில் கோடை மழை என்று செய்தி இருந்தது. கரூர் பரமத்தியிலும் அன்று மட்டும் சட்டென்று இறங்கியிருந்தது. இரண்டு வெயில் நாளின் நடுவே ஒரு மழை நாள் ஒளிந்திருந்தால் இந்த முறை காட்டிக் கொடுக்காது. அதற்கும் பக்கத்து ஊர் கணக்கையே போட்டேன்.

சரியா என்று எப்படித் தெரியும்?

நிரப்பிய எண் சரியா என்று பார்க்க உண்மை எண் நம்மிடம் இல்லை. ஆனால் ஒரு தந்திரம் இருக்கிறது. உண்மை தெரிந்த நாட்களைத் தெரியாதது போல மறைத்து, நிரப்பிப் பார்ப்பது.

கீழே ஷீட் பெயரின் மேல் ரைட் கிளிக் செய்து, மூவ் ஆர் காப்பி தேர்ந்தெடுத்து, கிரியேட் எ காப்பி கட்டத்தில் டிக் அடியுங்கள். அச்சு அசல் இன்னொரு ஷீட் வரும். அதில் மே மாதத்தில் பதிவான 22 நாட்களில் 10 நாளை அழித்தேன். மீதி 12 நாளை வைத்து வித்தியாசத்தைப் புதிதாகக் கணக்கிட்டு, அந்தப் பத்தை நிரப்பினேன். பிறகு மாமா எழுதிய எண்ணோடு ஒப்பிட்டேன். ஏபிஎஸ் என்ற ஃபங்ஷன் மைனஸ் குறியை எடுத்துவிட்டு எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதை மட்டும் காட்டும். பத்தின் சராசரி 0.6 டிகிரி. அதே பத்து நாளை என் பழைய முறைப்படி சராசரி போட்டு நிரப்பிப் பார்த்தேன். 1.9 டிகிரி தள்ளிப் போயிற்று. இந்தச் சோதனையை நான் முதல் நாளே செய்திருந்தால் மாமாவுக்கு அவசரப்பட்டு போன் செய்திருக்க மாட்டேன்.

இப்போது ஈ வரிசைக்கு கவுண்ட்இஃப். 16 நாள்! மே 6 முதல் 14 வரை நிரப்பிய ஒன்பதில் ஏழு நாள் 40ஐத் தொட்டோ தாண்டியோ இருந்தது. 0.6 டிகிரி முன்னே பின்னே இருக்கலாம் என்பதால் எல்லைக் கோட்டில் நிற்பவற்றையும் பார்த்தேன். ஏழில் இரண்டு 40க்கும் 40.6க்கும் நடுவே. மற்ற இரண்டில் ஒன்று 39.5. ஆக, 14க்குக் குறையாது, 17க்கு மேல் போகாது என்று மாமாவுக்குச் சொன்னேன். 16 என்று மட்டும் சொல்லவில்லை. எப்படிப் பார்த்தாலும் பத்துக்கு மேல்.

மஞ்சள் கட்டங்கள்

நிரப்பிய 14 செல்லுக்கும் மஞ்சள் வண்ணம் கொடுத்தேன். எஃப் வரிசையில் மாமா எழுதிய நாளுக்கு 'நோட்டு' என்றும், நான் நிரப்பிய நாளுக்கு 'கணக்கு' என்றும், கல்யாணம் முடிந்து வந்த நாளுக்கு 'பல நாள்' என்றும் டைப் செய்தேன். வண்ணம் மட்டும் போதாது. சிஎஸ்வி ஃபைலாக மாற்றினால் வண்ணம் போய்விடும், எழுத்து நிற்கும். அமெரிக்காவின் நீண்டகால வானிலை நிலையத் தொகுப்பான யுஎஸ்ஹெச்சிஎன்னிலும் இதே வழக்கம்தான். பக்கத்து நிலையங்களை வைத்து மதிப்பிட்ட மாத வெப்பநிலைக்குப் பக்கத்தில் ஈ என்ற ஆங்கில எழுத்து நிற்கும்.

நிரப்புவதற்கும் ஓர் எல்லை உண்டு. உலக வானிலை அமைப்பு 2017ல் வெளியிட்ட வழிகாட்டியில், ஒரு மாதத்தில் 11 நாளோ அதற்கு மேலோ காலியாக இருந்தாலும், தொடர்ந்து 5 நாளோ அதற்கு மேலோ காலியாக இருந்தாலும், அந்த மாதத்துக்குச் சராசரி கணக்கிட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறது. மாமாவின் மே மாதம் இதில் தேறாது. தொடர்ந்து 9 நாள் காலி. எனவே அந்த மே மாதத்தின் சராசரி என்று நான் எங்கும் எழுதவில்லை. பண்ணைக்குத் தேவைப்பட்டது நாள் எண்ணிக்கை. அதை மட்டும், எல்லையோடு சொன்னேன்.

பக்கத்து ஊர் முறை புதிதல்ல. இங்கிலாந்தில் கோர்டன் மான்லி என்ற ஆராய்ச்சியாளர், மத்திய இங்கிலாந்தின் மாத வெப்பநிலையை 1659லிருந்து தொகுத்தார். அவருடைய கட்டுரைகள் 1953லும் 1974லும் வெளியாயின. கருவி வைத்து அளந்த வெப்பநிலைப் பதிவுகளில் உலகிலேயே மிக நீளமானது அது. 1707 முதல் 1722 வரை நம்பகமான உள்நாட்டுப் பதிவு போதாததால், கடல் தாண்டி நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரப் பதிவைத் துணைக்கு எடுத்துக் கொண்டார். எக்ஸெல் இல்லை, கம்ப்யூட்டரே இல்லாமல் தொடங்கிய வேலை! நான் 14 செல்லுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனதைப் பெரிதாகச் சொல்லிக் கொண்டிருக்கிறேன்.

நான் செய்த தப்பை உலக அளவிலும் பார்க்கலாம். பிரிட்டிஷ் வானிலைத் துறையும் கிழக்கு ஆங்கிலியா பல்கலைக்கழகமும் சேர்ந்து தயாரித்த ஹேட்கிரட் 4 என்ற உலக வெப்பநிலைத் தொகுப்பில், நிலையங்கள் குறைவான வட துருவப் பகுதியில் பல கட்டங்கள் காலியாக இருந்தன. காலியை விட்டுவிட்டு உலகச் சராசரி எடுத்தார்கள். விட்டுவிடுவது என்றால், அந்த இடமும் மற்ற இடங்களைப் போலவே சூடாகியிருக்கிறது என்று சொல்வதற்குச் சமம். ஆனால் மிக வேகமாகச் சூடாகி வந்ததே வட துருவம்தான். கெவின் கௌடன், ராபர்ட் வே இருவரும் 2014ல் வெளியான கட்டுரையில் அந்தக் கட்டங்களைப் பக்கத்து நிலையங்களையும் செயற்கைக்கோள் அளவுகளையும் கொண்டு நிரப்பிக் காட்டினார்கள். 1997க்குப் பிறகு உலகம் சூடான வேகம் முன்பு கணக்கிட்டதைப் போல இரண்டரை மடங்கு என்று வந்தது. அடுத்து வந்த ஹேட்கிரட் 5ல் காலிக் கட்டங்களை நிரப்பும் முறையைச் சேர்த்துக் கொண்டார்கள். மாமா வீட்டு மே மாதக் கதையேதான்!

டி வரிசைக்கு லைன் சார்ட் போட்டுப் பார்க்கவும் மறக்காதீர்கள். ஆறு கோடைக்கும் போட்டபோது ஒரு வருஷத்தில் வித்தியாசம் படிக்கட்டு போலச் சட்டென்று மாறியிருந்தது. விசாரித்தால், அதற்கு முன்பு தெர்மாமீட்டர் தகர ஷெட்டின் சுவரில் மாட்டியிருந்ததாம். வேப்பமரத்துக்கு மாறியது அந்த வருஷம்தான். சுவரில் இருந்த காலத்துக்கு வித்தியாசத்தைத் தனியாகக் கணக்கிட வேண்டியதாயிற்று. சார்ட்டில் காலி நாட்கள் ஜீரோவுக்கு விழுந்து தெரிந்தால், சார்ட் மேல் ரைட் கிளிக், செலக்ட் டேட்டா, ஹிடன் அண்ட் எம்ப்டி செல்ஸ் போய் கேப்ஸ் என்பதைத் தேர்ந்தெடுக்கவும். கனெக்ட் வேண்டாம். இல்லாத நாளுக்குக் கோடு இழுத்து இருப்பது போலக் காட்டிவிடும்.

ஆறு கோடையையும் முடித்தபோது நான்கில் பத்து நாளுக்கு மேல் வந்தது. மாமா இரண்டு ஷெட்டுக்கு மட்டும் ஃபாகர் போட்டிருக்கிறார். மூன்றாவது அடுத்த வருஷமாம். நோட்டு இப்போது தண்ணீர் மோட்டார் சுவிட்சுக்குப் பக்கத்தில் கயிற்றில் தொங்குகிறது, பென்சிலோடு. வெயில் எவ்வளவு கொளுத்தினாலும் மோட்டார் போட அங்கே வந்துதானே ஆக வேண்டும். மாதக் கடைசியில் பக்கத்தை போனில் படம் எடுத்து எனக்கு அனுப்புகிறாள் அக்கா மகள். டைப் செய்து, படத்தையும் ஃபைலையும் ஒரே ஃபோல்டரில் போட்டு, பென் டிரைவில் ஒரு காப்பி வைக்கிறேன். போன மாதம் இரண்டு மஞ்சள் கட்டங்கள்தான்.